ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்கு எப்படித் துணை நிற்பது?

கோத்தகிரியில் ஒருவருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால், பெரும்பாலும் 108-ல் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்குத்தான் இறக்குகிறோம். நான் ஐசியூ நர்ஸாகப் பதினெட்டு வருஷம் உள்ளே நின்றவள். என் அண்ணன் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்தபோதுதான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரிடம் நான் சொன்ன "தைரியமா இருங்க" எதற்கும் உதவவில்லை என்பது அங்கேதான் புரிந்தது.

முதலில் பை கட்டுங்கள். நோயாளி சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், ரேஷன் கார்டு, ஆதார், சார்ஜர், போர்வை. கூடப் போகிறவரின் சுகர், பிரஷர் மாத்திரையும் வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று காப்பீட்டு கவுண்ட்டரில் முதல் நாளே கேளுங்கள். காப்பீட்டு கார்டு இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு ஊரில் இருக்கும் ஒருவர் அலையட்டும்.

டாக்டரைப் பார்க்க தினமும் ஒரே ஆள் போகட்டும், கூடவே நோட்டோடு இன்னொருவர். பயந்த காதில் பாதிதான் விழும். "கிட்னி சிரமப்படுது, டயாலிசிஸ் தேவைப்படலாம்" என்று டாக்டர் சொன்னதை "கிட்னி போயிடுச்சாம்" என்று அண்ணி வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து நோட்டில் எழுதினோம்: நேற்றைவிட இன்று என்ன மாற்றம், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள். இந்த இரண்டு கேள்வி போதும்.

முதல்முறை உள்ளே போகிறவரிடம், பார்க்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாய்வழியாகப் போகும் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குவதால் பேச முடியாது. அதைப் பிடுங்கிவிடாமலிருக்க சில நேரம் கையைத் துணியால் கட்டியிருப்பார்கள். முகம் வீங்கியிருக்கலாம். மெஷின் கத்தும்போதெல்லாம் ஆபத்து என்று அர்த்தமில்லை. சிஸ்டரிடம் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து, பெயர் சொல்லி, வீட்டுக் கதை பேசச் சொல்லுங்கள். மயக்கத்திலும் காது கேட்கலாம். மயக்க மருந்து குறையும்போது ஆளையே அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசினால் உடைந்துபோக வேண்டாம், சிஸ்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மெல்லத் தெளியும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தயவுசெய்து போன் மேல் போன் போடாதீர்கள். ஊருக்குத் தகவல் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டால் போதும்.

மலையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. அண்ணிக்கு முக்கால் ஏக்கர் தேயிலை, ஒரு பசு. இலை முற்றினால் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். ஆறாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் இறங்கிப் பறித்து, எடை போட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். 62 கிலோ. அண்ணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு என் மடியில் தலை வைத்து, வந்த நாளிலிருந்து முதல்முறையாக நாலு மணி நேரம் தூங்கினார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். அண்ணன் இப்போது வாசல்வரை நடக்கிறார். அண்ணிக்குத்தான் ராத்திரி போன் அடித்தால் உடம்பு நடுங்குகிறது. புதன்கிழமைகளில் நான் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். அவர்கள் போன் என் தலைமாட்டில் இருக்கும்.