ஊற்றுநீரில் ஸ்நார்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபடி நீரடியைப் பார்ப்பது): குழந்தைகளுடன் இறங்கும் முன்

நிலத்தடியிலிருந்து பெருகி வரும் ஊற்றின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், கொளுத்தும் வெயிலில் இறங்கியவுடன் இதமாகத் தோன்றும் 22 டிகிரி செல்சியஸ் நீர், சிறிது நேரத்திலேயே குழந்தைகளை நடுங்க வைத்துவிடும். நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைவிட சுமார் 25 மடங்கு அதிகம். அதன் விளைவை முதலில் உணர்வது சிறிய உடல்களே. எனவே உதடு நீலம் பாரிக்கும் வரை காத்திராமல், 20 நிமிடங்களுக்கு ஒருமுறை அவர்களைக் கரையேற்றி, துவட்டி, வெயிலில் உட்கார வையுங்கள். மறுப்பார்கள்தான், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடலில் மிதந்து பழகியவர்களும் இங்கே மிதவை அங்கி அணிவது நல்லது, ஏனெனில் அடர்த்தி குறைந்த நன்னீர் உடலை அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. முகக்கண்ணாடியைப் பட்டையின்றி முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சும்போது அது விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி.

தெளிந்த நீர் கண்ணை ஏமாற்றும். கண்ணாடி வழியே 3 மீட்டர் எனத் தெரியும் அடித்தளம் உண்மையில் 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நீர் ஓடையாக வழிந்தால், களைப்பில்லாதபோதே எதிர்நீச்சலில் மேலே சென்று, திரும்பும்போது ஓட்டத்தோடு மிதந்து வாருங்கள். அடிமண்ணில் நிற்காதீர்கள், வண்டல் கிளம்பினால் எவருக்கும் எதுவும் தெரியாது. ஊற்றுக்கண்ணின் குகைக்குள் தலையை நுழைப்பதும், மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுப்பதும் உயிருக்கே ஆபத்தானவை என்பதைப் பதின்பருவத்தினரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.