சட்டைப்பை டார்ச் லைட் வாங்குவது எப்படி? பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

கைபேசியில்தான் லைட் இருக்கிறதே, தனியாக டார்ச் எதற்கு என்று கேட்பவர் டெல்டாவில் இரவில் வரப்பில் நடந்திருக்க மாட்டார். ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போகிறவருக்குக் கைபேசி வெளிச்சம் நாலு எட்டுத் தூரத்துக்கு மேல் போகாது. மழையில் அதை வெளியே எடுக்கவும் முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கைபேசியில் மிச்சம் இருந்த சார்ஜை லைட்டுக்குச் செலவழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

முதல் டார்ச் வாங்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். சட்டைப்பையில் தினமும் இருக்கவேண்டும், நனைந்தாலும் எரியவேண்டும், பாம்பு கிடந்தால் கண்ணில் படவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

படி 1: எந்த பேட்டரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. டார்ச்சின் பருமன், எவ்வளவு நேரம் எரியும், அவசரத்துக்கு மாற்று கிடைக்குமா என்ற எல்லாவற்றையும் பேட்டரிதான் தீர்மானிக்கிறது.

ஏஏஏ என்பது நம் ரிமோட் பேட்டரி. அதில் ஓடும் டார்ச் பேனா மாதிரி மெலிதாக இருக்கும், வெளிச்சம் வீட்டைச் சுற்றிவரப் போதும். ஏஏ என்பது சுவர்க் கடிகார பேட்டரி. 18650 என்பது சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி. விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நிறைய நேரம் எரியும், ஆனால் சட்டைப்பை கீழே இழுத்துக்கொண்டு தொங்கும். கைலி கட்டிக்கொண்டு போகிறவருக்கு இருப்பது சட்டைப்பை ஒன்றுதான் என்பதால் இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

மிச்சம் இருப்பது 14500. இதுவும் லித்தியம்தான், ஆனால் உருவம் அப்படியே கடிகார பேட்டரி. இங்கே கவனம் வேண்டும். கடிகார பேட்டரி 1.5 வோல்ட். 14500 முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். ஏஏ மட்டும் போடவேண்டிய டார்ச்சில் இதைப் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகிவிடலாம். சுவர்க் கடிகாரத்திலோ பொம்மையிலோ போட்டாலும் அதே கதி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

என் தேர்வு, ஏஏ, 14500 இரண்டையும் ஏற்கும் டார்ச். லித்தியம் தீர்ந்துபோனால் நீடாமங்கலத்திலோ பாபநாசத்திலோ எந்தப் பெட்டிக்கடையிலும் ஒரு கடிகார பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வெளிச்சம் குறையும், ஆனால் எரியும். ஸ்கில்ஹண்ட் எம்150, சோஃபிர்ன் எஸ்பி10 புரோ என்ற மாடல்கள் இரண்டும் இந்த வகை. இரண்டாவதில் ஒரே பட்டனுக்குள் எக்கச்சக்க வித்தைகள் இருக்கின்றன. அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால் அது வேண்டாம்.

ஒரு 18650 பேட்டரியின் நிஜமான கொள்ளளவு, அதாவது அது தாங்கும் சார்ஜ், ஏறக்குறைய 3500 எம்ஏஎச், மிஞ்சினால் 4000 எம்ஏஎச்சோடு நின்றுவிடும். 9900 என்று அச்சடித்திருந்தால் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

படி 2: சார்ஜ் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

இந்த இடம்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. டார்ச்சில் டைப்-சி துளை இருக்கிறது. கைபேசியின் புது சார்ஜரும் டைப்-சி. இரண்டு முனையும் சி உள்ள கேபிளைச் செருகினால் சிவப்பு விளக்குகூட வருவதில்லை. அதே டார்ச், பழைய சார்ஜரில், ஒரு முனை தட்டையாக அகலமாக இருக்கும் யூஎஸ்பி-ஏ கேபிளில் செருகினால் ஒழுங்காக ஏறுகிறது.

காரணம் இதுதான். இரு முனையும் சி உள்ள கேபிளில் சார்ஜர் உடனே கரண்ட் விடாது. எதிர்முனையில் கரண்ட் கேட்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அதற்கு அடையாளமாகக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்கவேண்டும். காசு மிச்சம் பிடிக்கும் சில தயாரிப்பாளர்கள் அதை வைப்பதில்லை. சார்ஜர் யாரும் இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். பழைய யூஎஸ்பி-ஏ சார்ஜருக்கு இந்த விசாரணையெல்லாம் கிடையாது. அது எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே டார்ச் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். வாங்கும் முன்பே, சி-யிலிருந்து சி கேபிளில் ஏறுமா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். காந்தத்தில் ஒட்டும் தனிக் கேபிளோடு வருகிறவை கையாளச் சுகம்தான், ஆனால் அந்தக் கேபிள் தொலைந்தால் மன்னார்குடிக் கடைத்தெருவில் கிடைக்காது. அப்படிப்பட்டதை வாங்கினால் பேட்டரியை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போட முடிகிறதா என்று பாருங்கள்.

படி 3: வெளிச்சத்தின் நிறம்

கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடி வரும். கருத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். கண்ணாடி விரியன் பழுப்பு உடம்பில் கரும்புள்ளிச் சங்கிலியோடு சருகுக்கும் வைக்கோலுக்கும் நடுவே அசையாமல் கிடக்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் போட்டிருப்பார்கள். நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெளிச்சத்தில் மண்ணும் சருகும் பழுப்பும் ஒரே சாம்பலாகிவிடும். 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ள, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, 100 உச்சம்) 90-க்கு மேல் உள்ள எல்இடி-யில் மண் மண்ணாகவும் பாம்பு பாம்பாகவும் பிரிந்து தெரியும். லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும். மழை விட்ட இரவில் ஈசல் மொய்ப்பதும் நீல வெளிச்சத்தில்தான் அதிகம்.

லூமன் பற்றி ஒரே வரி: இத்தனை சின்ன டார்ச் 1000 லூமன் என்றால், சூடு தாங்காமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே இறங்கிவிடும். தொடர்ந்து 150 லூமன் கொடுக்குமா என்று பாருங்கள், வரப்புக்கு அது தாராளம்.

பெட்டியில் "100 மீட்டர்" என்று போட்டிருந்தால், அவ்வளவு தூரத்தில் பௌர்ணமி நிலவளவு வெளிச்சம் விழும் என்று அர்த்தம், அவ்வளவுதான். முகம் தெரியும் தூரம் அதில் பாதிகூட இருக்காது. நடக்கிறவருக்கு ஒரே புள்ளியாகக் குவியும் வெளிச்சத்தைவிடக் காலடியில் பரவுகிறதே நல்லது.

படி 4: தண்ணீர்

எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடு பெட்டியில் இருக்கும். ஐபிஎக்ஸ்8 அல்லது ஐபி68 பாருங்கள். ஐபிஎக்ஸ்4 தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்; வாய்க்காலில் விழுந்தால் முடிந்தது. தலையை முன்னும் பின்னும் இழுத்து ஜூம் செய்யும் டார்ச் வேண்டவே வேண்டாம். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது காற்றை உள்ளே இழுக்கும், ஈரமாக இருந்தால் தண்ணீரையும் சேர்த்து.

படி 5: ஸ்விட்ச்

அழுத்தினால் குறைந்த வெளிச்சத்தில் தொடங்குவது, அல்லது கடைசியாக வைத்த அளவை நினைவில் வைத்திருப்பது நல்லது. மினுக் மினுக்கென்று வெட்டும் ஸ்ட்ரோப், சாதாரண சுற்றில் வரக்கூடாது. சேற்றுக் கையோடு, இருட்டில், தடவிப் பார்த்தே ஸ்விட்ச் எங்கே என்று தெரியவேண்டும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் செய்து பாருங்கள்.

பின் சேர்த்தவை

சட்டைப்பைக்குள் தானாக எரிந்து சுடுகிறது என்று இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். மரைக்கு மேல்பூச்சு உள்ள டார்ச்சில் அதோடு இணைப்பு அறுந்துவிடும், பட்டன் எத்தனை தடவை அழுந்தினாலும் எரியாது. பூச்சு இல்லாத பளபளப்பான மரை என்றால் இது வேலை செய்யாது. பட்டனிலேயே பூட்டும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

திருவாரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்து எடுத்தபோது மூடியே திறக்கவில்லையாம். ஆல்கலைன் பேட்டரி (சார்ஜ் ஏற்ற முடியாத, கடையில் கிடைக்கும் ஒரு வகை) கசிந்து இறுகியிருக்கிறது. அலமாரியில் வைக்கும் டார்ச்சில் அதைப் போட்டு வைக்காதீர்கள். எனலூப் போன்ற சார்ஜ் ஏற்றும் ஏஏ போடுங்கள், அவை கசிவது அரிது.

பின்பக்கக் காந்தம் தேவையா என்று கேட்டவருக்கு: தேவை. மோட்டார் கொட்டகையில் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டால் பியூஸ் மாற்ற இரண்டு கையும் ஓய்வாகக் கிடைக்கும். மெயினை அணைத்துவிட்டுத்தான்.