கிரீஸ் கைக்கு முதலில் எண்ணெய், அப்புறம் சோப்பு

பைக் செயினைக் கழற்றி மாட்டிய கையோடு நேராகக் குழாயடிக்குப் போகாதீர்கள். உலர்ந்த கையிலேயே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, நகக்கண், விரலிடுக்கு என்று ஒரு நிமிடம் தேயுங்கள். கிரீஸும் எண்ணெய் இனம்தானே, இளகிக் கருப்பாக வழியும். பழைய துணியில் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. பிடிவாதக் கறைக்கு எண்ணெயோடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத் தேய்க்கலாம். நான் எண்ணெய்க் குளியலுக்கு வைத்திருக்கும் சீயக்காய்த் தூளில் கை வைப்பேன். வீட்டில் ஏச்சு விழும், அது வேறு கதை.

பெட்ரோல், பெயிண்ட் தின்னர் வேண்டவே வேண்டாம். கறையோடு தோலின் எண்ணெய்ப் பசையும் போய், வெடிப்பு வந்துவிடும்.

தாமிரபரணித் தண்ணீரில் கட்டிச் சோப்பே நன்றாக நுரைக்கும். ராதாபுரம், உவரி பக்கம் உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் சோப்பு திரிந்து கையில் பிசுபிசுக்கும். அங்கே பாத்திரம் கழுவும் திரவம் போன்ற டிடர்ஜென்ட் வகைதான் சரி.

சோப்புத் திரவத்துக்கு டிஸ்பென்சர் வாங்குவதானால், சுவரில் மாட்டுகிற, முழங்கையால் அமுக்கும் நீள லிவர் உள்ளதை வாங்குங்கள். கறைக் கை அதில் படாது. மணல்போல் துகள் கலந்த கிளீனரைச் சாதாரண ஹேண்ட்வாஷ் பாட்டிலில் ஊற்றி இரண்டு பம்புகளை அடைத்துக்கொண்டவன் நான். அதற்கு அகலவாய் டப்பாவும் ஒரு பழைய ஸ்பூனும் போதும்.