வேட்டை மீன்களோடு நத்தையும் நண்டும் வாழ

கிளாத்தி, பேத்தை, அஞ்சாலை, சிங்க மீன் போன்றவற்றைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் துப்புரவுக்காக நத்தைகளையும் நண்டுகளையும் வாங்கி விடுகிறார்கள். சில நாட்களில் வெற்று ஓடுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "இந்த மீன்களோடு ஒன்றும் தங்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்பதில்லை. மட்டக்களப்பு, கல்லடியில் என் வீட்டு முன்கூடத்துத் தொட்டியில் சிங்க மீனும் நத்தைகளும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன. எந்த உயிரை எந்த மீனோடு விடலாம் என்பதை அந்த மீனின் வாயே சொல்லிவிடும்.

சிங்க மீன் இரையைக் கடிப்பதில்லை, அப்படியே உறிஞ்சி விழுங்குகிறது. வாய்க்குள் அடங்கும் இறாலும் சிறு நண்டும் சிறு மீனும் போய்விடும்; ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை அது திரும்பியும் பார்க்காது. கலவாய் மீனுக்கும் ஏறத்தாழ இதே குணம்தான். அஞ்சாலையில் இரண்டு வகை உண்டு. கூர்மையான பல் கொண்டவை மீனைத் தேடுகின்றன. வெள்ளையில் கருந்திட்டுகள் கொண்ட 'பனித்துளி' அஞ்சாலைக்கு மழுங்கிய பல். அது நண்டின் ஓட்டை நொறுக்கவென்றே அமைந்தது. அதனோடு, வெற்று ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டை விடுவது வீண். நத்தை விடலாம்.

பேத்தையின் கதை வேறு. அதன் நான்கு பற்களும் அலகு போல இணைந்து, வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓடுள்ள எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் பல் நீண்டு, உண்ண முடியாமல் பட்டினியால் இறக்கும். ஆகவே பேத்தை இருக்கும் தொட்டியில் நத்தை ஓர் உணவு, அவ்வளவுதான். அதற்கு ஓட்டோடு மட்டியைக் கொடுங்கள், துப்புரவை நீங்களே செய்யுங்கள்.

கிளாத்திகளில் செம்மஞ்சள் கோடுகள் கொண்ட இனம் மிகக் கடுமையானது. கடல் முள்ளெலியைக்கூடத் தண்ணீரை ஊதிப் புரட்டி, முள் குறைந்த அடிப்பக்கத்தால் தின்னும் கூட்டம் இது. சிவந்த பல் கொண்ட நீலக் கிளாத்தி இயற்கையில் நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களை உண்பது, ஒப்பீட்டளவில் சாது. கிளாத்திதான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனாலும் ஒவ்வொரு மீனுக்கும் தனிக்குணம் உண்டு. முதல் சில வாரங்கள் கண்காணியுங்கள்.

இனி, யாரை விடுவது? நஸ்ஸாரியஸ் நத்தையைத்தான் நான் முதலில் சொல்வேன். பகல் முழுவதும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இறைச்சி வாசம் பட்டதும் மூக்குக் குழாயை நீட்டிக்கொண்டு வெளியே வந்து, மீன் சிந்திய துண்டைத் தின்றுவிட்டு மீண்டும் புதைந்துகொள்ளும். இதற்கு மணல் படுக்கை இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். பாசிக்குப் பெரிய டர்போ நத்தை நல்லது. ஆனால் அது மல்லாந்து விழுந்தால் நிமிரத் தடுமாறும், அந்த நேரத்தில்தான் மீன் சதையைக் கொத்தும். தினமும் ஒருமுறை பார்த்து நிமிர்த்தி விடுங்கள். முதுகில் எட்டு ஓட்டுத் தகடுகள் கொண்ட, நத்தைக்கு உறவான கைட்டன் பாறையோடு இறுக ஒட்டிக்கொள்வதால் எளிதில் பெயர்க்க முடியாது.

இவர்களைவிடப் பெரிய உழைப்பாளிகள் பாறை இடுக்குகளில் இருக்கும் முட்புழுக்களும் சிறு ஓட்டுயிர்களும்தான். புழுவைக் கண்டதும் அருவருத்துப் பிடுங்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. வேட்டை மீன் எட்டாத இடுக்கில் புகுந்து அழுகலைத் தின்பவை அவை. துளைகள் நிறைந்த பாறைகளை நெருக்கமாக அடுக்கி அவற்றுக்கு இடம் கொடுங்கள். அதற்காகப் பாசிக்குடாவிலோ கல்குடாவிலோ பவளத்தை உடைத்துவிட வேண்டாம். அது சட்டப்படி குற்றம். கடல் அட்டையையும் இந்த மீன்களோடு விடாதீர்கள். கடித்துத் துன்புறுத்தினால் அது நஞ்சை வெளியிட்டு மூடிய தொட்டியில் உள்ள மீன்களைக் கொன்றுவிடக்கூடும்.

நத்தைகளைப் பல வேளைகளில் கொல்வது மீன் அல்ல, தண்ணீர். இது நம் ஊருக்கு மிக முக்கியம். மாரியில் வாவி வெள்ளம் முகத்துவாரம் வழியே கடலில் கொட்டும்போது அண்டிய கடலின் உப்பு சட்டென்று குறைந்துவிடும். அந்த நாட்களில் அங்கே நீர் அள்ளாதீர்கள். மீன் ஓரளவு தாங்கும், முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கா. நீரின் ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) அளந்து 1.025 அளவில், ஏறாமல் இறங்காமல் வைத்திருங்கள். புதிய நத்தையைப் பையோடு கவிழ்க்காமல், தொட்டி நீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரமாவது பழக்குங்கள். மீனின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து தருவதானால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் தர வேண்டும். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. உப்பைக் குறைத்துச் செய்யும் சிகிச்சையும் அப்படியே.

மீனைவிடத் துப்புரவு உயிர்களை முதலில் குடியேற்றுவது நல்லது. புதிதாக ஒன்று விழுந்தால் மீன் அதை இரையென்றே நினைக்கும். பின்னர் சேர்ப்பதாயின் மீனுக்கு வயிறார உணவிட்டு, விளக்கை அணைத்த பிறகு விடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சிங்க மீனுக்கும் அஞ்சாலைக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். இறால், கணவாய், மட்டி என்று மாற்றிக் கொடுங்கள். எண்ணெய் கசியும் சாளையை அதிகம் போட்டால் நீர் கெடும். இடுக்கியால் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தால் சிந்துவது குறையும், நத்தைக்கு வேலையும் அளவோடு இருக்கும்.

நத்தையை நிமிர்த்தவோ இறந்த ஓட்டை எடுக்கவோ தொட்டிக்குள் கை விடுமுன் சிங்க மீன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கையை விடுவதைக் காட்டிலும் நீண்ட இடுக்கியைப் பயன்படுத்துவதே நல்லது. சிங்க மீனின் முள் குத்தினால் வலி கொடுமையாக இருக்கும். தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் குத்திய இடத்தை அமிழ்த்தி வையுங்கள், அந்த நஞ்சு சூட்டில் செயலிழக்கும். பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள்.