பாக்கெட்டில் போட்ட புரதக் கணக்கை வீட்டிலேயே சரிபார்க்க

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கப் பால் சங்கங்களில் விலை போடுவது கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வைத்து. லாக்டோமீட்டர் காட்டுவது அடர்த்தியைத்தான், புரதத்தை அல்ல. அதனால் லேபிளை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், எண் 100 மில்லிக்கா, 100 கிராமுக்கா, ஒரு டம்ளருக்கா என்று பாருங்கள். சத்துபானப் பொடி டப்பாவில் 'பாலுடன் சேர்த்து' என்றிருந்தால் கவனம்: 200 மில்லி பாலிலேயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதைக் கழித்தால்தான் பொடியின் பங்கு தெரியும்.

அடுத்து கலோரி. புரதம் × 4, மாவுச்சத்து × 4, கொழுப்பு × 9. 100 மில்லி டோன்டு பாலில் (கொழுப்பு குறைத்த பால்) இவை முறையே 3.1, 4.7, 3.0 கிராம் என்றால் கூட்டுத்தொகை 58 கலோரி. லேபிளில் 70 போட்டிருந்தால் ஏதோ ஓர் எண் தப்பு.

பன்னீரில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு லிட்டர் பசும்பாலில் புரதம் சுமார் 32 கிராம். அதைத் திரித்துப் பிழிந்தால் 160 கிராம் பன்னீர் நிற்கும் என்று வையுங்கள். கொஞ்சம் புரதம் திரிந்த தண்ணீரோடு போய்விடும். ஆக 100 கிராம் பன்னீரில் புரதம் 20 கிராமைத் தாண்டுவது கஷ்டம். லேபிளில் 25 என்று போட்டிருந்தால், அது கொழுப்பு எடுத்த பாலில் செய்த பன்னீருக்கு மட்டும் பொருந்தும்.

ஆய்வகத்தில் அளப்பதோ நைட்ரஜனை, அதை 6.38 ஆல் பெருக்கியதே புரதம். யூரியாவிலும் நைட்ரஜன் இருப்பதால், அதைக் கலந்தாலும் எண் ஏறும். 2008-ல் சீனாவில் அம்பலமான கலப்படத்தில், பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, ஒரே பேட்ச் எண்ணில் பிரிக்காத இரண்டு பாக்கெட்டை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், புரதமல்லாத நைட்ரஜனையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.