பழைய காரில் எண்ணெய்ச் சொட்டு: கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியது

மலேசியாவில் புரோட்டான் வீரா, பெரோடுவா கான்சில், கெலிசா போன்ற பழைய கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். ஃபிளாட் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்ததும் கண் நேராகத் தரைக்குப் போகும். கறை ஒன்று தெரிந்தால் போதும், கியர்பாக்ஸ் போச்சு, இனி ஆயிரக்கணக்கில் வெள்ளி எண்ணி வைக்க வேண்டும் என்று அன்று முழுக்க வேலையே ஓடாது. கொஞ்சம் பொறுங்கள். வீராவும் கான்சிலும் உற்பத்தி நின்றதே 2009-இல், அதாவது கடைசியாக வந்த வண்டிக்கே வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. அந்த வயதில், இந்த ஊர் வெயிலில், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீல் காய்ந்து இறுகி லேசாகக் கசியத்தான் செய்யும். கசிவு வேறு, உள்ளே எண்ணெய் அளவு குறைவது வேறு. கியர்பாக்ஸைக் கொல்வது இரண்டாவதுதான்.

முதலில் அது கியர்பாக்ஸ் எண்ணெய்தானா என்று பாருங்கள். இடப்பக்கப் பயணியின் காலடிக்கு நேர் கீழே சொட்டுவது பெரும்பாலும் ஏர்கான் தண்ணீர், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது குடம் குடமாக ஊற்றும், அதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்குப் போனவர்களும் உண்டு. சந்தேகம் தீர, சமமான தரையில் வண்டியை நிறுத்தி, பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து முன்பகுதிக்குக் கீழே விரித்து, முன் சக்கரம் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அட்டையிலேயே பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது தெரியும். வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு அல்லது சிவப்பு கலந்த பழுப்பு என்றால் ஆட்டோ, அதாவது தானாகக் கியர் மாறும் வண்டியின், கியர் எண்ணெய். மேனுவல் கியர் எண்ணெய் தடிப்பாக, தேன் நிறத்திலிருந்து கருப்பு வரை இருக்கும், அதன் கந்தக நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தால் மறக்கவே மாட்டீர்கள். கருப்பாக, அந்த நாற்றம் இல்லாமல் இருந்தால் எஞ்சின் எண்ணெயாக இருக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் அதே சிவப்பு எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள், ஆகவே சிவப்பைக் கண்டதும் கியர்பாக்ஸ் என்று முடிவு கட்டாமல் ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, எங்கிருந்து வருகிறது என்பது. இதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும், அதனால் சொட்டுகிற இடம் கசிகிற இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கியர்பாக்ஸ் முழுக்கப் படிந்த பழைய அழுக்கையும் எண்ணெயையும் டீகிரீசர் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, எண்ணெய் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பாலிக் புலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் ஒரு சுற்று போய்வரலாம், கோலாலம்பூர்க்காரர்களுக்கு மாலை நேர ஃபெடரல் ஹைவே நெரிசலே போதும். திரும்பி வந்து டார்ச்லைட் அடித்தால், பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். கீழே நுழைய வேண்டியிருந்தால் வெறும் ஜேக்கை நம்பி நுழையாதீர்கள், ஸ்டாண்ட் வைத்துத் தாங்கிய பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். சூடான சைலன்சர் குழாயிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக அகப்படும் இடங்கள் சில. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இரு பக்கத்து ஆயில் சீல், இதுதான் அதிகம். வடிகால் போல்ட்டின் வாஷர், போன முறை எண்ணெய் மாற்றியபோது பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஆட்டோவாக இருந்தால் அடித்தட்டின் கேஸ்கெட், ரேடியேட்டருக்குப் போய்வரும் கூலர் ஹோஸ். இவை எல்லாமே கியர்பாக்ஸை இறக்காமல் செய்கிற வேலை, சீல் சின்னச் செலவுதான், கூலிதான் கூடக் குறைய வரும். மேலே இருக்கும் சின்னக் காற்றுத் துளையிலிருந்து எண்ணெய் வழிந்திருந்தால், யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அது நுரைத்து வெளியே வருகிறது, சீல் மாற்றி ஒரு பயனும் இல்லை.

தொல்லை பிடித்தது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். அங்கே அடியில் ஈரம் என்றால் கியர்பாக்ஸின் முன் சீலாகவும் இருக்கலாம், எஞ்சின் கிராங்க் ஷாஃப்டின் பின் சீலாகவும் இருக்கலாம், நிறமும் மணமும்தான் வழிகாட்டும். எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்குவதென்று ஆகிவிட்டால் இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், மேனுவலாக இருந்தால் கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு சீலுக்காக இறக்கிவிட்டு, கிளட்சுக்காக அடுத்த வருடம் மறுபடி கூலி கொடுப்பது முட்டாள்தனம். ஆனால் கசிவின் ஊற்றைக் காட்டாமலே "அண்ணே, இறக்கித்தான் பார்க்கணும்" என்று பட்டறை ஃபோர்மென் (மெக்கானிக்) சொன்னால், எங்கே வடிகிறது, விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல ஃபோர்மென் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அளவு. மேனுவல் கியர்பாக்ஸுக்கு எச்சரிக்கை விளக்கு கிடையாது, இந்தச் சின்ன வண்டிகளில் மொத்தமே 2 லிட்டரை ஒட்டித்தான் எண்ணெய், அதில் அரை லிட்டர் போனாலே பெரிய இழப்பு. வண்டி சமமாக நிற்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் போல்ட்டைத் திறந்தால் எண்ணெய் துளையின் விளிம்புவரை இருக்க வேண்டும். பழைய எண்ணெயை வடிப்பதாக இருந்தாலும் முதலில் இந்தப் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே கீழே வடியுங்கள், வடித்துவிட்டு மேலே துருப்பிடித்து இறுகியிருப்பதைக் கண்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

ஆட்டோவில் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் அளவு காட்டும் கம்பி, பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் எஞ்சின் ஓட, சூடான எண்ணெயோடு, எல்லா கியரையும் ஒரு முறை மாற்றிவிட்டு பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வழி வந்த பழைய புரோட்டான் ஆட்டோவில் நியூட்ரலில். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்த உடனே. இதை மாற்றிச் செய்து அளவு தப்பாகத் தெரிந்து மேலே மேலே ஊற்றுகிறவர்கள் அதிகம். டிப்ஸ்டிக்கே இல்லாத மாடல் என்றால் பட்டறைக்கே விடுங்கள். எண்ணெயும் கைக்குக் கிடைத்ததாக இருக்கக்கூடாது, கையேட்டில் போட்டிருக்கும் வகையே வேண்டும், சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ வகை) வண்டிக்குச் சாதாரண ஆட்டோ எண்ணெய் ஊற்றினால் கசிவைவிடப் பெரிய செலவு வரும்.

எப்போது அவசரம்? தூசி ஒட்டிய ஈரம் மட்டும், சொட்டு இல்லை, அளவும் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒரு பார்வை போதும். தினமும் சொட்டு என்றால் சீல் மாற்ற நாள் குறியுங்கள். ஆனால் டி-யில் போட்ட பிறகு வண்டி தாமதமாக நகர்வது, எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாமை, மேனுவலில் ஐந்தாம் கியரில் ஊளைச் சத்தம், இவற்றோடு தரையிலும் எண்ணெய் என்றால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அப்படிப்பட்ட ஆட்டோவை முன் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் விடாதீர்கள், மேடையில் ஏற்றிப் போகும் டோ லாரியைக் கூப்பிடுங்கள்.

தரையில் ஒரு சொட்டும் விழாமல் கியர்பாக்ஸ் சாகிற வழி ஒன்றும் இருக்கிறது. பல ஆட்டோ வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடும். அது உள்ளே துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் சிராப் பண்டுங் (ரோஸ் பால் பானம்) மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு திறந்து பாருங்கள். வெள்ளத் தண்ணீருக்குள் வண்டியை ஓட்டியிருந்தாலும் எண்ணெய் பால்போல் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

கசிவை அடைக்கும் மருந்து என்று புட்டியில் விற்பது இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், கிழிந்த சீலுக்கு ஒன்றும் செய்யாது, விற்கப்போகும் வண்டிக்கு வேண்டுமானால் ஊற்றுவார்கள். முடிவில் ஹாஃப்கட் கடையில், அதாவது வெளிநாட்டுப் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடையில், கியர்பாக்ஸ் வாங்குகிற நிலைமை வந்துவிட்டால், அதை வண்டியில் ஏற்றுவதற்கு முன், பட்டறைத் தரையில் கிடக்கும்போதே எல்லா சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதுவும் எங்கோ பல வருடம் ஓடி, கப்பலில் வந்து, கடையில் காய்ந்து கிடந்த பழைய சாமான்தான்.