எக்ஸ்எல் வண்டிக்கு டயர் பார்ப்பது எப்படி?

டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் மைலேஜைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், டயரை மட்டும் பஞ்சர் ஆகிற வரைக்கும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், அதற்கு மேல் பின்னால் ஒரு ஆள் என்று ஏற்றுகிற அத்தனையையும் தாங்குவது இரண்டரை இஞ்ச் அகலமுள்ள அந்த ஒல்லி டயர்தான்.

முதலில் காற்று. டியூப் டயரில் பஞ்சரே இல்லாவிட்டாலும் காற்று மெல்ல இறங்கும், வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பதெல்லாம் கணக்கில் சேராது, கேஜ் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன்பே அடித்துவிடுவது நல்லது. ஓடிச் சூடான டயரில் கேஜ் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைந்துபோகும். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

காற்றுக் குறைவாக, பாரத்தோடு ஓட்டினால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கி டியூபையும் சேர்த்து இழுக்கும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாயும். அப்படியே ஓட்டினால் ஒருநாள் அடியோடு பிய்ந்துவிடும், அங்கே ஒட்டுப் போட முடியாது, புது டியூப்தான். அதனால் காற்று அடிக்கும்போதெல்லாம் வால்வு நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை முழுதாக இறக்கி, டியூபை நகர்த்தி நேராக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள் குத்தினால் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், ஒட்டுப் போட்டு மாட்டிய கொஞ்ச நேரத்தில் மறுபடி பஞ்சர். "அண்ணே, டயர் உள்ள ஒரு தடவை துணி போட்டுத் துடைச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். முள் இருந்தால் துணி சிக்கும். ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். ரிம்மைத் தொடும் பக்கம் என்றால் பெரும்பாலும் ஸ்போக் கம்பியின் முனைதான் குத்தியிருக்கும், ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே சுற்றியிருக்கும் ரிம் டேப்பை மாற்றாமல் ஒட்டு மேல் ஒட்டாகப் போடுவது வீண். (அலாய் வீல், டியூப்லெஸ் எக்ஸ்எல் வாங்கியவர்களுக்கு இந்த ஸ்போக் தலைவலி கிடையாது.)

ஒட்டுப் போட்டும் இறங்குகிறதா? வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் பின்னை மாற்றினால் சரி.

டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (TWI) என்று போட்டிருக்கும், டயர் தேய்ந்த அளவைக் காட்டும் குறி அது. அதற்கு நேராக, பட்டன்களுக்கு நடுவே உள்ள சின்ன மேடு வரை தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். புதுசு வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-வது வாரம். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

பளபளப்புக்காக மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் தடவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், ரப்பர் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.